வண்டிக்கு வேண்டியவை

அந்தியூருக்கு மேற்கே, மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய மடம் இருந்தது. தயாபரி அம்மையார் என்பவர் அதை நடத்தி வந்தார். துறவு பூணுவதற்கு முன்பு அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த நாச்சிமுத்துவோ அறுபதைக் கடந்தவர்.

நாச்சிமுத்து சங்ககிரிக்காரர். சொந்தமாக லாரிகள் ஓட்டியவர். ஒரே மகன் குணசீலன் லோடு ஏற்றிக்கொண்டு போன வழியில், ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்து இறந்தான். அதற்குப் பிறகு அவர் எல்லா லாரிகளையும் கைமாற்றிவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டினார். அண்டா துலக்கினார். ஸ்டியரிங்கை மட்டும் தொடவில்லை. மகனைப் பற்றி யாரிடமும் பேசவும் இல்லை.

ஆவணி மாதத்தில் மடத்துக்கு ஒரு புது பிக்கப் வண்டி வந்தது. யாரோ ஓர் அன்பர் கொடுத்தது. மலைமேல் உள்ள ஊர்களுக்கு பஸ் எப்போதாவதுதான் போகும். அரிசி பருப்பு மேலே போகவும், உடம்பு முடியாதவர்கள் கீழே வரவும் அந்த வண்டி உதவும் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

அம்மையார் சாவியை நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"நம்மள்ல வண்டியைப் பத்தித் தெரிஞ்சவர் நீங்கதான். அதுக்கு என்னென்ன வேணுமோ பார்த்து மாட்டுங்க. தயாரானதும் சொல்லுங்க."

நாச்சிமுத்து தயங்கினார். பிறகு இரண்டு கையாலும் சாவியை வாங்கிக்கொண்டார்.

அவர் ஓட்டுவதில்லை என்பதால், பக்கத்து ஊர் மெக்கானிக்கை ஓட்டச் சொல்லி, தான் அருகில் உட்கார்ந்து ஈரோட்டுக்குப் போனார். முதல் தடவை முன்பக்கம் தடித்த இரும்புக் கம்பி பொருத்திக்கொண்டு வந்தார். காட்டு மாடு குறுக்கே வந்தால் வண்டிக்குள் இருப்பவர்களுக்கு அடிபடாது என்றார். அடுத்த தடவை பனியில் வழி தெரிய மஞ்சள் விளக்குகள். அதற்கப்புறம், பின்னால் உட்கார்ந்து வருபவர்கள் வெளியே விழாமல் இருக்க, பின்தொட்டியைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு.

கடைக்காரர்களுக்கு அவரைப் பார்த்தால் ஆச்சரியமாக இருந்தது. மற்றவர்கள் பளபளக்கும் சக்கரமும் பாட்டுப் பெட்டியும் கேட்டு வருவார்கள். இவர் ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து வளைத்துப் பார்ப்பார், தட்டிக் காதில் வைத்துக் கேட்பார், தரையில் போட்டு மிதிப்பார். மனசு ஒப்பவில்லை என்றால் அப்படியே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்.

அம்மையார் இடையிடையே விசாரிப்பார்.

"தயாரா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குதுங்கம்மா."

ஒன்றை மாட்டி முடித்தால் இன்னொரு குறை அவர் கண்ணில் பட்டது. கூண்டு வந்த பிறகு, சங்கிலி, கயிறு, ஜாக்கி எல்லாம் வைக்க ஒரு பெரிய இரும்புப் பெட்டி வேண்டும் என்று தோன்றியது. அதைப் பின்தொட்டியின் குறுக்கே வைத்துப் பூட்டினார். பெட்டி வந்த பிறகு, பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் பட்டைகள் அந்தக் கனத்தைத் தாங்குமா என்று கவலை வந்தது. அவற்றையும் மாற்றினார்.

புரட்டாசி போனது. ஐப்பசியும் போனது. வண்டி கொட்டகையில் துணி போர்த்தி நின்றது. ஒருநாள் மலையிலிருந்து ஒரு பெண் காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தாள். வண்டியைப் பார்த்துவிட்டு, இது மேலே வராதா என்று கேட்டாள். இன்னும் வேலை முடியவில்லை என்று நாச்சிமுத்து சொன்னார். டவுனிலிருந்து ஆட்டோ வரவழைத்துக் குழந்தையை அனுப்பினார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. அம்மையார் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மறுநாளும் ஈரோட்டுக்குத்தான் போனார்.

அன்று சாயங்காலம் அவரே அம்மையாரிடம் வந்து கேட்டார்.

"வண்டியில ஏறுறவங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னா, அதுல இன்னும் என்ன மாட்டோணுமுங்கம்மா?"

அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காம்புகளைத் தனியே ஒதுக்கினார். கேள்வி காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. ஒரு நாள் காலை, மலைமேலிருந்து மாதி என்ற பெண் மடத்துக்குப் போன் செய்தாள். அவள் தம்பி ஜடையன் கடுக்காய் பறிக்க ஏறின மரத்திலிருந்து விழுந்துவிட்டான். முதுகில் அடி. எழுந்து உட்கார முடியவில்லை. மூங்கில் தட்டியில் படுக்க வைத்து நாலைந்து பேர் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள்.

ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். மழையில் மரம் சாய்ந்து டவுன் பக்கம் பாதை அடைத்துக் கிடக்கிறது, வெட்டி ஒதுக்கிவிட்டு வர நேரமாகும் என்று பதில் வந்தது. மெக்கானிக் ஊரில் இல்லை.

அம்மையார் குடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். வண்டியின் மேல் கிடந்த துணியை இழுத்துக் கீழே போட்டார். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

நாச்சிமுத்து பின்னாலேயே வந்து ஜன்னலருகே நின்றார். மழை அவர் தலையில் கொட்டியது.

"வண்டி இன்னும் தயாராகலீங்கம்மா. பிரேக்கை மெக்கானிக்கிட்ட இன்னொருக்கா காட்டோணும்."

"ஏறுங்க."

"நான் வண்டி ஓட்டி ரொம்ப வருஷமாச்சுங்க."

அம்மையார் நேராகப் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் ஏறினார். சாவியைத் துவாரத்தில் நுழைக்கவே அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று.

மேலே போகப் போகப் பனி இறங்கியது. மஞ்சள் விளக்குகள் உதவின. முதல் வளைவில் நாச்சிமுத்து கியர் மாற்றத் தவறி வண்டியைத் திணறவிட்டார். பிறகு பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்தார், ஹாரன் கொடுத்தார், வேகத்தை அடக்கிப் போனார். பாதி மலையில், யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"என் பையன் ஓட்டுன வண்டி புது வண்டிங்கம்மா. எல்லாமே நானே பார்த்துப் பார்த்து மாட்டுனது. வளைவுல விழுந்ததுக்கப்புறம் ஆபீசருங்க வந்து பிரிச்சுப் பார்த்தாங்க. பிரேக் நல்லா இருந்துச்சு. டயர் நல்லா இருந்துச்சு. அவன் தூங்கலை, குடிக்கிறவனும் இல்லை. வண்டியில ஒரு குறையும் இல்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

வைப்பர் கண்ணாடியை வழித்தது.

"ஒரு குறை இருந்திருந்தா அதை நான் திருத்தியிருப்பேன். எதைத் திருத்தறதுன்னே தெரியலீங்க."

அம்மையார் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துணியால் துடைத்தார். பிறகு, முன்னால் ஆட்கள் வருகிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

பனிக்குள்ளிருந்து அவர்கள் வந்தார்கள். நான்கு ஆண்கள் தட்டியைத் தூக்கியிருந்தார்கள். மாதி பக்கத்தில் ஓடி வந்தாள். ஜடையன் இருபது வயதுப் பையன். உதடு நீலம் பூத்திருந்தது. கண் மட்டும் எல்லாப் பக்கமும் சுற்றியது. அம்மையார் இறங்கிப் போய் அவன் தலையை இரண்டு கைக்குள்ளும் அசையாமல் பிடித்துக்கொண்டார். முதுகு வளையக் கூடாது, தட்டியோடு நேராக ஏற்ற வேண்டும் என்றார்.

ஏற்ற முடியவில்லை. கூண்டின் பின்பக்கம் குறுக்கே ஓடிய கம்பி தட்டியை மறித்தது. சாய்த்து நுழைக்கப் பார்த்தார்கள். பையன் அலறினான். கம்பியைத் தாண்டினாலும் உள்ளே அந்த இரும்புப் பெட்டி. கால் நீட்ட இடம் இல்லை.

எல்லோரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள்.

அவர் பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார். யாராலும் கழற்ற முடியாதபடி தானே நின்று முறுக்கச் சொன்ன நட்டுகள் அவை. ஒன்று வழுக்கி விரல் முட்டி கிழிந்தது. ரத்தத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு திருகினார். கம்பி வந்தது. பெட்டியின் அடியில் படுத்து அதையும் கழற்றினார். தூக்கி வந்தவர்கள் கை கொடுக்க, பெட்டியைப் பாதையோரம் புல்லில் இறக்கினார்கள். அது மழையில் அங்கேயே கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தட்டி நேராக உள்ளே போனது. மாதியும் இன்னொருவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மையார் தலைமாட்டில் மண்டியிட்டு, பையனின் தலையைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

நாச்சிமுத்து தனியாக முன்னால் ஏறினார்.

ஏறுவதைவிட இறங்குவது கடினமாக இருந்தது. பாதை வழுக்கியது. குழி ஒவ்வொன்றுக்கும் சக்கரத்தை மெதுவாக இறக்கி, மெதுவாக ஏற்றினார். ஒவ்வொரு அசைவுக்கும் பின்னாலிருந்து பையனின் கத்தல் வந்தது. அது அவர் முதுகுத்தண்டில் ஏறியது. மகன் கத்தியிருப்பானா, யாராவது கேட்டிருப்பார்களா என்று இத்தனை வருஷமாக நினைக்காமல் ஒதுக்கி வைத்ததெல்லாம் அந்தப் பாதையில் வந்து நின்றது. கண் மறைத்தது. தோளில் துடைத்துக்கொண்டு ஓட்டினார்.

பாதி வழியில் கத்தல் நின்றது.

பையன் போய்விட்டான் என்று நினைத்தார். நிறுத்திப் பார்க்கத் தோன்றியது. நிறுத்தினால் நேரம் போகும். தன் முதுகுப் பக்கத்துக் கண்ணாடியை அம்மையார் தட்டவில்லை. தட்டாதவரை ஓட்ட வேண்டியதுதான் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு, முன்னைவிடப் பதமாக ஓட்டினார். அடிவாரம் வந்தது. சாய்ந்த மரத்தை அதற்குள் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே நின்ற ஆம்புலன்ஸுக்குத் தட்டியை மாற்றும்போதுதான், பையனின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தார். ஜடையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸ் பின்னாலேயே அவர்கள் ஈரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, உயிருக்குப் பயமில்லை என்றார். கால் எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் முதுகை அலுங்காமல் கொண்டு வந்தது நல்லதாயிற்று என்றார். மாதி சுவரோரம் உட்கார்ந்து அழுதாள்.

மழை விட்டிருந்தது. அம்மையாரும் நாச்சிமுத்துவும் வண்டியருகே வந்து நின்றார்கள். ஒரு பக்கம் கம்பி இல்லாமல் கூண்டு வாய் பிளந்து நின்றது. பின்தொட்டி முழுக்கச் சேறு. நாச்சிமுத்து கிழிந்த விரலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார்.

"மறுபடியும் கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்கம்மா. இந்த வண்டிக்கு என்னதான் வேணும்?"

அம்மையார் சேலை முனையைப் பிழிந்தார்.

"இறங்கும்போது அந்தப் பையன் கத்திக்கிட்டே வந்தான். மல்லாக்கப் படுத்திருக்கிறவனுக்கு மரமும் மேகமும்தானே தெரியும். உருண்டு விழப்போறோம்னு பயந்துட்டான். யார் வண்டி ஓட்டறாங்கன்னு என்னைக் கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வளைவுல பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஓட்டறார்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவன் கத்தலை."