இரண்டாம் வரிசை வயலின்

வளசரவாக்கத்தில், பழைய சினிமா ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றும் சின்ன ஸ்டூடியோ ஒன்று இருந்தது. அங்கே குரு வசுமதிக்கு முப்பத்தெட்டு வயது. சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. தபால் துறையில் ஓய்வு பெற்றபின் வேலை கற்க வந்தவர். குரு அவரை 'சார்' என்பாள். அவர் அவளை 'மேடம்' என்பார். யாருக்கு யார் குரு என்று வருகிறவர்கள் குழம்புவதுண்டு.

ஒருநாள் ரோஸ்லின் என்ற பெண் வந்தாள்.

"போன மாசம் நீங்க சரிபண்ணின படத்தோட பின்னணி இசையில எங்கப்பா வாசிச்சிருக்கார் சார். ரெண்டாவது வரிசை வயலின். லாஸ்லெஸ் ஃபைல்ல கேட்டா ஒரு சத்தம்கூட விட்டுப்போகாதாமே?"

"குண்டூசி விழுந்தாக்கூட கேக்கும்மா," என்றார் தணிகாசலம். பதினோரு நாள் உழைப்பு, பெருமைக்குக் கேட்பானேன்.

ஹெட்போனை மாட்டிவிட்டார். நாற்பது வயலின்கள் ஒன்றாக எழுந்தன. ரோஸ்லின் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை கேட்டாள்.

"ரொம்ப நல்லாயிருக்கு. ஆனா அப்பா இல்லையே."

"நாப்பது பேர்ல ஒருத்தரோட வயலினைத் தனியா..."

"வயலின் இல்ல சார். ஆரம்பத்துல செருமுவார். நேரமில்லாம அந்த டேக்கையே ஓகே பண்ணிட்டாங்களாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் குரல் எங்ககிட்ட வேற எதுலயும் இல்ல."

முதல் நாளே தணிகாசலம் துடைத்தெடுத்தது அந்தச் செருமலைத்தான். நாடாவோ ஓட்டும்போதே உதிர்ந்துவிட்டது. சுத்தமானது கைக்கு வந்தபின் அழுக்குப் பிரதி எதற்கு என்று, கம்ப்யூட்டரில் ஏற்றிய முதல் பதிவையும் அவரே அழித்திருந்தார்.

உள்ளதைச் சொன்னார். அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. "பரவாயில்ல சார், உங்களுக்கு எப்படித் தெரியும்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தணிகாசலம் வெகுநேரம் ஹெட்போன் ஒயரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"ஒரு மனுஷனோட குரலைப் போய் அழுக்குன்னு நினைச்சுட்டேனே மேடம். நீங்களாயிருந்தா விட்டுவெச்சிருப்பீங்க, இல்ல?"

வசுமதி அவர் கையிலிருந்த ஹெட்போனை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"நீங்க முடிச்சுட்டுப் போட்டுக் காட்டினப்போ, 'அந்தச் செருமலைச் சுவடே இல்லாம எப்படி சார் எடுத்தீங்க'ன்னு கை தட்டினேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள். "அந்தம்மா வந்து கதவைத் தட்டுற வரைக்கும் எனக்கும் அது அழுக்குதான் சார்."