தழும்பி கட்டிய வேலி

அந்தக் காலத்தில் உடம்புக்குள் குடியிருந்த உயிரணுக்களுக்கும் வாய்ப்பேச்சு இருந்தது. பேச்சித்தாய் என்ற உப்பளத்துக்காரியின் மார்புக்குள் தழும்பி என்றொருத்தி இருந்தாள். சதை கிழிந்தால் நார் பின்னி மூடுவது அவள் வேலை. இரத்தத்தோடு சுற்றி வந்து காவல் காத்தவன் வெள்ளையன்.

தழும்பிக்குப் பக்கத்தில் கோணன் என்றோர் அணு. சாக வேண்டிய நேரத்தில் அவன் சாகவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருகினான். பசி மட்டும் அடங்கவில்லை.

"அக்கா, காயம் பட்டுவிட்டது. ஆறவே மாட்டேன் என்கிறது" என்று அழுதான்.

காயம் என்று கேட்டால் தழும்பிக்குக் கை நிற்காது. எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. சுற்றிலும் நார் பின்னி வேலி கட்டினாள். இரத்தக் குழாயையும் கிளை பிரித்து அவனுக்கு விட்டாள்.

வெள்ளையன் வந்தான். "உள்ளே யார்? வாடை சரியில்லையே."

"அடிபட்டவன், தம்பி. ஆறுகிற புண்ணில் கை வைக்காதே."

தழும்பி பொய் சொல்லி அவன் கேட்டதில்லை. திரும்பிப் போனான்.

கோணன்கள் பெருகிய இடம் கட்டியாகி, பேச்சித்தாயின் கைக்குத் தட்டுப்பட்டது. வைத்தியர் மருந்து கொடுத்தார். மருந்து உடம்பெங்கும் ஓடியது. தலைமயிர் கொட்டியது, குடல் புண்ணானது. வேலிக்குள் மட்டும் மருந்துக்கு வழியில்லை. பேச்சித்தாய் சோறு இறங்காமல் பாயில் சுருண்டாள்.

அப்போதுதான் தழும்பி நார் இடுக்கில் எட்டிப் பார்த்தாள். காயம் எதுவும் இல்லை. அத்தனையும் கோணன்கள்.

"வெள்ளையா, ஓடி வா! ஏமாந்துவிட்டேன்!"

அவன் வந்தான். தழும்பிக்குப் பின்னத் தெரியும், அவிழ்க்கத் தெரியாது. வெள்ளையன் நகம் தேயப் பிறாண்டிப் பாதி வழி நுழைந்தான். உள்ளே மூச்சு முட்டியது. இருந்த தீனியையெல்லாம் கோணன்கள் உறிஞ்சியிருந்தார்கள். கை சோர்ந்து அங்கேயே உட்கார்ந்தான்.

"நீ சொன்னதால்தானே அக்கா அன்றைக்குத் திரும்பிப் போனேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வைத்தியர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். "சுற்றிலும் கல்லாய் இறுகிக் கிடக்கிறது. என் மருந்து உள்ளே போகவே இல்லை, தாயி" என்றார். பேச்சித்தாய் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

அன்று முதல்தான் வைத்தியம் பார்ப்பவர்கள் கட்டியோடு நிற்காமல், அதன் அக்கம்பக்கத்தில் யார் யார் அதற்குத் துணை நிற்கிறார்கள் என்றும் விசாரிக்கிறார்கள். வேலியை இளக்கவும், வெள்ளையனைப் போல் சோர்ந்த காவலைத் தட்டியெழுப்பவும் மருந்து கொடுக்கிறார்கள். ஆனாலும் எல்லா வேலியும் இளகிவிடுவதில்லை.