ஒரு செம்புத் தண்ணீர்

கொளத்தூர் மீன் கடைத் தெருவில் எஸ்தர் என்று ஒரு குரு இருக்கிறாள். குரு என்று நான்தான் சொல்கிறேன். அவள் காதில் விழுந்தால் சிரித்துவிடுவாள். வயது இருபத்தேழு. பழைய வீடு ஒன்றின் மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டிகளும் தெர்மாகோல் பெட்டிகளும் வைத்து, அழகுக்காக வளர்க்கும் குட்டி இறால்களை வளர்க்கிறாள். கடைக்காரர்கள் அவளை இறா டீச்சர் என்பார்கள்.

சிஷ்யைக்கு வயது நாற்பத்து நான்கு. பெயர் வேதவல்லி. பஸ் டிப்போவில் டைம் கீப்பர். ஒரு பஸ் நாலு நிமிஷம் தாமதமாக வந்தால் வாசலுக்கும் கடிகாரத்துக்குமாக நடப்பாள். அப்படிப்பட்டவள் இறால் வளர்க்க வந்தாள் என்றால் தலையெழுத்து என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் நாள் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

"பத்து இறா வேணும்மா. அந்தச் சிவப்பு இறா."

"தொட்டி வெச்சு எத்தினி நாளாச்சுக்கா?"

"நேத்துதான். நல்லா தேய்ச்சுக் கழுவி, புதுத் தண்ணி விட்டிருக்கேன். பளிங்கு மாதிரி இருக்கு."

"ஒரு மாசம் கழிச்சு வாங்க."

"ஒரு மாசமா?"

"பளிங்குல அதுங்க எதைத் தின்னும்?"

வேதவல்லி போகவில்லை. கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு அவ்ளோ நாள் கிடையாதும்மா. ஒரு பொண்ணைத் தத்து எடுத்திருக்கேன். ஆறு வயசு. வந்து பத்து நாள் ஆகுது. கட்டிலுக்கு அடியிலயே இருக்கா. சோத்துத் தட்டையும் உள்ளதான் தள்ளிவிடறேன். இதுக்கு முன்னாடி ஒரு வீட்டுக்குப் போயி, மூணே மாசத்துல குழந்தைங்க இல்லத்துக்கே திரும்பி வந்தவ. நானும் அப்படித்தான்னு நினைக்கிறாளோ என்னவோ. ஞாயித்துக்கிழமை இந்தத் தெரு வழியா கூட்டிட்டு வந்தேன். ஒரு கடை வாசல்ல நின்னா. கையை நீட்டி 'அது'ன்னா. அவ என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்."

"பேரு என்ன?"

"தேன்மொழி."

பெயர் வைத்தவர்கள் நல்ல நம்பிக்கையில் வைத்திருக்கிறார்கள். பத்து நாளில் அந்தப் பிள்ளை பேசியது அந்த ஒரு வார்த்தை.

எஸ்தர் எழுந்து போய் ஒரு தொட்டிக்குள் கையை விட்டாள். பழைய ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்துவந்து பாட்டிலில் பிழிந்தாள். சாக்கடை மாதிரி கறுப்பாக இறங்கியது.

"இதை உங்க தொட்டியில ஊத்துங்கக்கா."

"இந்த அழுக்கையா?"

"இதுல உயிர் இருக்கு. உங்க தண்ணியில இன்னும் வரல."

வேதவல்லி பாட்டிலை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்றிலிருந்து பிள்ளையைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, டிப்போவுக்குப் போகும் வழியில் தினமும் வந்தாள். தொட்டித் தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவருவாள். எஸ்தர் அதில் தண்ணீரைச் சோதிக்கும் மருந்து இரண்டு சொட்டு விட்டு, என்ன நிறம் வருகிறது என்று வெயிலில் தூக்கிப் பார்ப்பாள்.

"ஆச்சா டீச்சர்?"

"இல்ல."

"நாளைக்கு?"

"நாளைக்கு வாங்க."

"எப்ப ஆகும்னு ஒரு தேதி சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம். தண்ணிக்குத் தெரியாதே."

பன்னிரண்டாம் நாள் வேதவல்லியின் முகமே சரியில்லை.

"கண்ணாடியில பச்சையா படிஞ்சிருந்துச்சு. துடைச்சுட்டேன். கல்லையெல்லாம் எடுத்துக் கழுவி, புதுத் தண்ணி மாத்திட்டேன்."

"ஏன்க்கா?"

"இல்லத்துலேந்து வீட்டைப் பாக்க வந்தாங்க. தொட்டியே இவ்ளோ அழுக்கா இருந்தா, பிள்ளைய எப்படி வெச்சிருப்பான்னு எழுதிட்டாங்கன்னா?"

எஸ்தர் திட்டவில்லை. ஸ்பாஞ்சைத் திரும்பப் பிழிந்து பாட்டிலை நீட்டினாள்.

"இன்னைலேந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்குங்க."

வேதவல்லி படியில் இறங்கும்போது அழுதாள். டிப்போ வாசலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாட்கள் போயின. காலித் தொட்டியில் விளக்கு எரிந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு கண்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தன. ஒரு நாள் உள்ளேயிருந்து, "எங்க?" என்று ஒரு குரல் வந்ததாம். வேதவல்லி வேலையிலிருந்து போன் போட்டு எஸ்தரிடம் சொன்னாள்.

"'எங்க'ன்னு கேட்டுட்டா டீச்சர்! என்ன சொல்றது?"

"வரும்னு சொல்லுங்க."

"வரலன்னா?"

"வந்தப்புறம் என்ன பண்ணப்போறீங்கன்னு அதை யோசிங்கக்கா."

கண்ணாடியில் மறுபடியும் பச்சை படிந்தது. இந்த முறை வேதவல்லி துடைக்கும் துணியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். இதை அவளே சொல்லக் கேட்டபோது எஸ்தர் முதல் தடவையாகச் சிரித்தாள்.

சிரித்த அன்றே பத்து இறால்களைக் கொடுத்தாள். அரிசி நீளம்கூட இல்லாதவை, மிளகாய்ப் பழச் சிவப்பு. மெல்லிய குழாய் ஒன்றும் கொடுத்தாள்.

"பையை அப்படியே தொட்டியில கவுத்துடாதீங்க. ஒரு கிண்ணத்துல விட்டு, குழாயில ஒரு முடிச்சு போட்டு, உங்க தொட்டித் தண்ணியைச் சொட்டு சொட்டா அதுங்க மேல விடுங்க. ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு மணி நேரமும் பக்கத்துல இருக்கணுமா?"

"உங்களால எழுந்து போக முடியுமா?"

முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

"மத்ததையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க டீச்சர். எழுத்துல இருந்தாத்தான் எனக்குத் தைரியம்."

எஸ்தர் மடியில் அட்டையை வைத்து, நல்ல தமிழில், குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தாள். வெளிச்சம் எட்டு மணி நேரம். தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகை. கொசுவத்தி கூடாது. தினமும் ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீர் மெதுவாக ஊற்றவும்.

இறால்கள் வீட்டுக்குப் போன அன்று சாயங்காலம் தேன்மொழி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். தொட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். விரல் விட்டு எண்ணினாள். பத்து. திரும்பி வேதவல்லியைப் பார்த்து, "பத்து" என்றாள். மூன்றாம் நாள் அங்கேயே உட்கார்ந்து, வேதவல்லி பிசைந்து கொடுத்த ரசம் சாதத்தைத் தின்றாள். வேதவல்லி சத்தமாக மூச்சுவிடக்கூடப் பயந்தாள்.

ஏழாம் நாள் காலை எஸ்தருக்குப் போன் வந்தது.

"டீச்சர், எட்டுதான் இருக்கு."

"ஒளிஞ்சிருக்கும். எண்ணாதீங்க."

"ரெண்டு கீழ கிடக்கு. வெள்ளையா."

"சட்டை கழட்டியிருக்கும்க்கா. வளர வளர ஓட்டைக் கழட்டிப் போட்டுடும். அது காலியா இருக்கா, எடுத்துப் பாருங்க."

தண்ணீருக்குள் கை விடும் சத்தம் போனில் கேட்டது.

"ஒண்ணு காலி."

"சரி."

"இன்னொண்ணு காலி இல்ல."

"மத்ததெல்லாம் என்ன பண்ணுது?"

"ஓடுது டீச்சர். கண்ணாடியில முட்டி முட்டி ஓடுது. தண்ணியை விட்டு மேல ஏறப் பாக்குது. பாப்பா என்னைப் பாத்துட்டு மறுபடியும் உள்ள போயிட்டா."

"எதையும் தொடாதீங்க. வரேன்."

எஸ்தர் ஒரு மூடி போட்ட வாளியில் தன் தொட்டித் தண்ணீரை மொண்டுகொண்டு, ஸ்கூட்டரில் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தபோது செத்தது மூன்றாகியிருந்தது. தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தாள். அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. கொசுவத்தி இல்லை. பெயின்ட் வாசனை இல்லை. பூச்சி மருந்து இல்லை.

"என்னக்கா ஊத்துனீங்க?"

"நீங்க எழுதினதுதான். ஒரு எழுத்து மாறல."

வேதவல்லி சமையலறையிலிருந்து கொண்டுவந்து காட்டினாள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று மின்னிய செம்புப் பாத்திரம்.

"இது ஏது?"

"வீட்டுல எவர்சில்வர்தான் இருந்துச்சு. நீங்க செம்புன்னு எழுதியிருந்தீங்களே. லீவு போட்டு, புரசைவாக்கம் பூரா தேடி வாங்கினேன். சாயங்காலமே தண்ணி பிடிச்சு வெச்சுடுவேன். நல்லா ஊறட்டும்னு. செம்புத் தண்ணி உடம்புக்கு அவ்ளோ நல்லதுன்னு சொல்றாங்க. அதான் பாப்பாவுக்கும் அதுங்களுக்கும் ஒண்ணாவே..."

எஸ்தர் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வாயால் சொல்லியிருந்தால் அவள் சொம்பு என்றுதான் சொல்லியிருப்பாள். ஊரே அப்படித்தான் சொல்லும். கையில் கிடைத்த எந்தச் சொம்பாக இருந்தாலும் ஒரு சொம்பு. எழுதும்போது, படித்தவர் கைக்குப் போகிற தாளாயிற்றே என்று மரியாதையாகச் செம்பு என்று எழுதினாள்.

"அக்கா, செம்பு மனுஷங்களுக்கு நல்லது. இதுங்களுக்கு விஷம். தப்பு என்னுது. நான் எழுதினதுதான் தப்பு."

வேதவல்லி பாத்திரத்தைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். தினமும் காலையில் தன் கையால் மெதுவாக, மிக மெதுவாக ஊற்றியது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பாத்திரத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

எஸ்தர் வலையை எடுத்தாள். மிச்சமிருந்த ஏழையும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தன் வாளித் தண்ணீரில் விட்டாள். இரண்டு மூன்று துவண்டுதான் கிடந்தன. மூடியைப் பாதி மூடினாள்.

"ஒரு பத்து நாள் என்கிட்ட இருக்கட்டும். இந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, கல்லு, பாசியெல்லாம் மாத்தி..."

"எடுத்துட்டுப் போயிடுங்க டீச்சர்."

"பத்து நாள்ல கொண்டாறேன்க்கா."

"வேணாம். திரும்பக் கொண்டு வராதீங்க." வேதவல்லி செம்புப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எனக்கு இதெல்லாம் வராது. நல்லது பண்றேன் நல்லது பண்றேன்னே கொன்னிருக்கேன். இந்த வீடு அதுங்களுக்கு ஒத்துக்கல. ஒத்துக்கலன்னா இருந்த இடத்துலயே கொண்டுபோய் விட்டுடறதுதான் நியாயம்."

எஸ்தர் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

வாசற்படியில் தேன்மொழி நின்றுகொண்டிருந்தாள். எப்போது கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தாள் என்று இருவருக்கும் தெரியாது. காலில் செருப்பு போட்டிருந்தாள். இல்லத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்த துணிப்பை தோளில் இருந்தது. அவசரத்தில் திணித்ததில் ஒரு கவுனின் ஓரம் வெளியே தொங்கியது.

வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு எஸ்தரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, நானும் இப்பவே வரணுமா?"

அழவில்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது போலத்தான் கேட்டாள்.

வேதவல்லிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளை நின்ற இடம் நாலு அடி தூரம்கூட இருக்காது. ஆனால் வேதவல்லி எஸ்தரைத்தான் பார்த்தாள்.

"டீச்சர்... இப்ப நான் என்ன பண்ணணும்?"

எஸ்தர் வாளியைக் கீழே வைத்தாள்.

"என்னைப் பாக்காதீங்கக்கா. அவளைத் தூக்குங்க."