எலி வளைக்குப் பின்வாசல் வந்த கதை

அந்தக் காலத்தில், எலியும் நண்டும் வரப்பில் நின்று ஊர்வம்பு பேசிய காலத்தில், மலையடிவார வயலொன்றில் பேச்சி என்ற எலி, புருஷன் ஒச்சப்பனோடும் கண் திறக்காத குஞ்சுகளோடும் குடியிருந்தாள். வளைக்கு ஒரே வாசல். எலிக் குலத்துக்கே அப்போது அதுதான் வழக்கம்.

ஒச்சப்பனுக்கு நெற்கதிர்மேல் தீராத ஆசை. வாசலை ஒட்டியே கூரைவரை அடுக்கிவைத்து, வருகிறவர்களிடம் பெருமையடிப்பான். ஒருநாள் தரை லேசாக நடுங்கியது. மேலிருந்த கதிர்கள் சரிந்து அவன் வால்மேல் விழுந்தன.

“மாடு நடந்திருக்கும்” என்றான், வாலைத் தடவிக்கொண்டே.

பேச்சிக்கு மனசு கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரிக்கக் கிளம்பினாள்.

“இது நடுங்குற மண்ணுதான் தாயி. போன தடவை கெணத்துச் சுவரே பொளந்துச்சு” என்றது கிணற்று ஆமை. நண்டோ, தன் பழைய வளை வாசலோடு மூடிப்போனதைச் சொல்லிக் கண்கலங்கியது.

“ஏங்க, அந்தக் கதிரைக் கொஞ்சம் எறக்கி வைங்க” என்றாள் வீடு திரும்பிய பேச்சி.

“கதிர்ல கை வச்சே, நான் எலியா இருக்க மாட்டேன்.”

சரி, கிடக்கட்டும் என்று குஞ்சுகளை உள்ளே தள்ளிப் படுக்கவைத்தாள். பிறகு பின்பக்கம் தோண்ட ஆரம்பித்தாள்.

“ரெண்டு வாசல் வச்சா ஊரே சிரிக்கும் புள்ள. பாம்பு வேற நுழைஞ்சிரும்” என்றான் ஒச்சப்பன்.

பாம்பு விஷயம் அவளுக்கும் சரியென்றே பட்டது. யோசித்து, வழி முடிகிற இடத்தில் மெல்லிய மண்ணை மட்டும் உடைக்காமல் விட்டாள். “வெளிய இருக்கவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்ல?”

தினமும் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு அந்த மண்வரை போய்த் திரும்பிப் பழகினாள். ஒச்சப்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்புறம் ஒரு பட்டப்பகலில் பூமி குலுங்கியது. கதிரெல்லாம் சரிந்து முன்வாசல் அடைபட்டது. உள்ளே ஒரே இருட்டு, புழுதி. ஒச்சப்பன் பிராண்டப் பிராண்ட மேலும் மண்தான் விழுந்தது. “புள்ளைக போச்சே” என்று அழுதான்.

பேச்சிக்கும் பயம்தான். ஆனால் பழகிய கால் வழி தேடவில்லை. ஓடிப்போய்த் தலையால் ஒரு முட்டு முட்டினாள், வெளிச்சம் வந்தது. இருவரும் மாறி மாறிக் கவ்வி, ஒரு குஞ்சு விடாமல் வரப்புக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்று மாலையே ஒச்சப்பன் வயல் முழுக்கச் சுற்றி, பின்வாசல் தன் யோசனைதான் என்று கதை அளந்தான். எல்லா வீட்டுக் குஞ்சும் பிழைத்தால் சரி என்று பேச்சி சிரித்துக்கொண்டாள்.

அன்று முதல்தான் வயலெலி தன் வளையில் மண் மூடிய பின்வாசல் ஒன்று வைத்துக்கொள்கிறது. எலி பிடிக்க முன்வாசலில் புகை போட்டுவிட்டு நாம் கண்ணெரியக் காத்திருக்க, அது குடும்பத்தோடு அந்தப் பக்கம் போய்விடுகிறது.