நயினார் போகாத பக்கம்

மடத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிடுகிறவர் நயினார்தான். எழுந்தது முதல் ஓர் இடத்தில் உட்கார மாட்டார். பெருக்கிய முற்றத்தையே மறுபடியும் பெருக்குவார். நிறைந்து கிடக்கிற தொட்டிக்குத் தண்ணீர் சுமப்பார். எல்லோரும் கண்ணை மூடித் தியானத்தில் இருக்கும்போது அவர் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. குருவான வடிவம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தன்னைவிட மூத்த ஆண்களை அண்ணாச்சி என்று கூப்பிடுவது அம்மையின் வழக்கம். சீடராக வந்து சேர்ந்துவிட்டார் என்பதற்காக அதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலையில், நல்ல வேட்டி உடுத்து, தலையைச் சீவி, வெளியூர் கிளம்புகிறவரைப் போல வந்து நின்றார் நயினார். அம்மை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் கிளம்பலாம்னு இருக்கேன், அம்மை."

"எங்க, அண்ணாச்சி?"

"அதுதான் தெரியலை."

அம்மை கையை நிறுத்தவில்லை. நயினார் நின்றபடியே பேசினார்.

"தூத்துக்குடியில உப்பளத்துல இருந்தேன். ஒட்டலை. கொல்லத்துக்குப் போயி முந்திரிக் கம்பெனியில சேர்ந்தேன். அங்கயும் ஒட்டலை. ஈரோட்டுல மஞ்சள் மண்டியில கொஞ்ச காலம். எல்லாம் போதும்னு திருவண்ணாமலைக்குப் போயி ஒரு சாமியார்கிட்ட இருந்து பார்த்தேன். அதுக்கப்புறம்தான் இங்க வந்தேன். ஒவ்வொரு தடவையும், இதுதான் நம்ம வாழ்க்கையில திருப்பம், இனிமே எல்லாம் சரியாயிரும்னு நினைக்கேன். கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா, அதே பழைய ஆள்தான் உள்ள உட்கார்ந்திருக்கான்."

"ம்."

"இன்னொரு தடவை திரும்பணும்னு தோணுது. இந்தத் தடவை தப்பாப் போயிரக் கூடாது. எந்தப் பக்கம் திரும்பணும்னு நீங்கதான் சொல்லணும்."

அம்மை புளியை முறத்தில் ஒதுக்கிவிட்டு எழுந்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க, நடப்போம்."

"எந்தப் பக்கம்?"

"நீங்க முன்னால போங்க. நான் பின்னால வாரேன்."

"எனக்கு இந்தப் பக்கத்து வழியெல்லாம் சரியாத் தெரியாதே."

"உங்க கால் போற வழி போதும்."

குரு முன்னால் போக, சீடர் பின்னால் போவதுதான் முறை. நயினாருக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்ச தூரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். அம்மை சாலையோரத்து ஆவாரம்பூவைப் பார்ப்பதும், வரப்பில் போகிற ஆட்களிடம் ஒரு வார்த்தை பேசுவதுமாக நிதானமாக வந்துகொண்டிருந்தாள்.

ஊர் எல்லையில் சாஸ்தா கோயிலைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று வாய்க்கால் கரையோடு இறங்கியது. வழி நெடுக மருத மரங்கள், நல்ல நிழல். மற்றது பொட்டல் வழியாக மேட்டுக்குப் போகிற கல்பாதை.

நயினார் வாய்க்கால் பக்கம் ஒரு நொடி பார்த்தார். பிறகு கல்பாதையில் ஏறினார்.

அம்மையும் பின்னாலேயே ஏறினாள்.

வெயில் ஏறிய நேரத்தில் தார்ச்சாலைக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குள் அம்மையின் குதிகாலில் கருவேல முள் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்ட பிறகும் நொண்டிக்கொண்டுதான் நடந்தாள். பின்னால் வந்த பஸ் ஒன்று அதைப் பார்த்துத் தானாகவே நின்றது.

"செம்போத்தான்குளம் வழி. ஏறுங்க, உட்கார இடம் கிடக்கு" என்றார் கண்டக்டர்.

"ஏறிக்கிடுவோமா, அண்ணாச்சி?"

"வேண்டாம். நாம போற பக்கம் இது இல்லை."

"நாம போற பக்கம் எது?"

நயினார் கண்டக்டரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பஸ் கிளம்பியதும் சாலையைக் கடந்து, எதிர்ப்புறம் தெரிந்த ஒற்றையடிப் பாதையில் இறங்கினார். கால் நொந்தவளை நடக்க வைக்கிறோமே என்று மனது குத்தியது. ஆனால் கால் நிற்கவில்லை.

அன்று பொழுது சாயும்போது ஒரு பழைய சிவன் கோயில் கண்ணில் பட்டது. அதன் மண்டபத்தில் தங்கினார்கள். கோயில் குருக்கள் கொஞ்சம் புளியோதரை கொடுத்தார். அம்மை சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். நயினார் மண்டபத்துக்குள்ளேயே உலாத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் இன்னும் வேகமாக நடந்தார். பனங்காட்டின் ஓரத்தில் ஒரு பெண் நுங்கு வெட்டி விற்றுக்கொண்டிருந்தாள். நா வறண்டு போயிருந்ததால் அங்கே உட்கார்ந்தார்கள். நுங்கை அவர் கையில் கொடுத்த அந்தப் பெண், கையை இழுத்துக்கொள்ளாமல் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க செம்போத்தான்குளத்துப் பகவதி அக்கா வீட்டுக்காரர்தானே?"

"இல்லை."

"அதே சாயலா இருக்கே."

"ஒரே சாயல்ல எத்தனையோ பேர் இருப்பாங்க."

"எனக்கு அதே ஊர்லதான் பொறந்த வீடு. சின்ன வயசுல நிறையப் பார்த்திருக்கேன். அக்கா பாவம், இன்னும் அந்த வீட்டுலதான்..."

நயினார் பாதி தின்ற நுங்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "நேரமாச்சு, அம்மை" என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

அதன் பிறகு அவர் எங்கும் நிற்கவில்லை. ஒரு பிரிவு வந்தால் சட்டென்று திரும்புவார். இன்னொரு பிரிவு வந்தால் அதைவிடச் சட்டென்று திரும்புவார். எந்த ஊருக்குப் போகிற பாதை என்று யாரிடமும் கேட்கவில்லை. வேட்டி முழுக்க நாயுருவி முள் ஒட்டிக்கொண்டது. அம்மை கூப்பிடு தூரத்துக்குப் பின்தங்கி, நொண்டிக்கொண்டே வந்தாள். நயினாருக்கு அவள் மேல் கோபம் வந்தது. எங்கே போவது என்று ஒரு வார்த்தை கேட்டோம். இவள் எதற்கு இப்படி வாயை மூடிக்கொண்டு வருகிறாள்?

வெயில் தாழ்ந்தபோது எதிரே ஒரு கோயிலின் பின்மதில் தெரிந்தது. சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். அதே சிவன் கோயில். முந்தைய நாள் தங்கிய அதே மண்டபம். குருக்கள் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "திரும்பவும் வந்துட்டேளா?" என்றார்.

நயினார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மை வந்து சேர வெகுநேரம் ஆனது.

"என்னை எதுக்கு இப்படிச் சுத்தவிட்டீங்க?" என்றார், அவள் உட்காருவதற்கு முன்பே.

"நான் எங்க சுத்தவிட்டேன்? உங்க பின்னாலதானே வந்தேன்."

"பின்னால வந்து என்ன கண்டீங்க?"

அம்மை குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"முன்னால போறவருக்குப் பாதை மட்டும்தான் தெரியும், அண்ணாச்சி. பின்னால வாறவளுக்கு அவரோட தலையும் தெரியும். ஒவ்வொரு பிரிவுலயும் உங்க தலை முதல்ல செம்போத்தான்குளத்துப் பக்கம் திரும்புச்சு. பிறகுதான் கால் வேற பக்கம் போச்சு."

"நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை."

"நேத்து பார்த்தீங்க. இன்னைக்கும் பார்த்தீங்க. அந்தப் பொண்ணு பேசின பிறகு இன்னும் அதிகமாப் பார்த்தீங்க."

நயினார் தலை குனிந்தார்.

"நீங்க தூத்துக்குடிக்கும் போகலை, கொல்லத்துக்கும் போகலை. ஒரு ஊருக்குப் போகாம இருந்தீங்க. அவ்வளவுதான்."

அவர் வேட்டியில் ஒட்டியிருந்த நாயுருவியை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினார்.

"அங்க எங்க வீட்டுக்குப் பின்னால குளம். நான் அதுல இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துவேன். எங்க பயல், கந்தையா, ஏழு வயசு. அவனுக்கு நீச்சல் பழக்கிக் கொடுங்கன்னு பகவதி சொல்லிக்கிட்டே இருந்தா. அவளுக்குத் தண்ணின்னாலே பயம். நான், குளம் கொஞ்சம் வத்தட்டும், கோடையில பார்த்துக்கிடலாம்னு தள்ளிப்போட்டேன். ஐப்பசி மழையில குளம் பெருகிக் கிடந்துச்சு. நான் வயல்ல இருந்தேன். ஆள் வந்து சொல்லி, நான் ஓடி வாறதுக்குள்ள பயலைத் தூக்கிக் கரையில போட்டிருந்தாங்க."

அம்மை குதிகாலிலிருந்து கையை எடுத்தாள்.

"பகவதி என்னை ஒரு வார்த்தை ஏசலை. அதுதான் என்னால தாங்க முடியலை. ஒரு வாரத்துல வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல ஆயிட்டு."

குருக்கள் விளக்கை ஏற்றிவிட்டு உள்ளே போனார்.

"அப்ப நான் அங்க போகணும்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லலையே."

"போனா இந்த மனசு அடங்குமா?"

"அது எனக்குத் தெரியாது, அண்ணாச்சி. அடங்கலைன்னா அங்க இருந்து கிளம்புங்க. அப்பவாவது ஒரு ஊருக்குப் போறதா இருக்கும்."

விடிந்ததும் தார்ச்சாலைக்கு வந்து செம்போத்தான்குளம் பஸ்ஸில் ஏறினார்கள். வழியில் இரண்டு நிறுத்தங்களில் நயினார் இறங்குவதற்கு எழுந்தார். அம்மை தடுக்கவில்லை, அவர் இறங்கினால் தானும் இறங்குவதற்காக முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தடவையும் அவரே மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. பூட்டு இல்லை. "பகவதி" என்று கூப்பிட வாயைத் திறந்தார். பின்பக்கம் குளத்திலிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்டது. கூச்சலும் தண்ணீர் அடிக்கிற ஓசையும். அந்தக் குளத்தில் பிள்ளைகளை யார் இறங்கவிட்டது? அத்தனை வருஷமாக எண்ணத்தில்கூடப் போகாத பக்கத்துக்கு, யோசிக்காமல் ஓடினார்.

படித்துறையில் ஈரத்தலையும் டவுசருமாகப் பையன்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பகவதி நின்றிருந்தாள். தலை முக்காலும் நரைத்திருந்தது. மிதப்பதற்காக முதுகில் சுரைக்குடுக்கை கட்டிய ஒரு சிறுமியை வயிற்றுக்குக் கீழே கைகொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"காலை மடக்காதட்டி. நீட்டி அடி. நான் பிடிச்சிருக்கேன்லா."

"விட்டுறாதீங்க, பெரியம்மை."

"விட மாட்டேன். நீ அடி."

தண்ணீருக்குப் பயப்படுகிற பகவதி. குளத்துக்குக் குடம் எடுத்துக்கொண்டு வந்தாலும் கடைசிப் படிக்கு இறங்காத பகவதி. இவள் எப்போது, யாரிடம் நீச்சல் பழகினாள்? நயினார் அப்படியே நின்றார்.

அவள் நிமிர்ந்தபோது அவரைப் பார்த்தாள். சிறுமியின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏசப் போகிறாள் என்று நயினார் காத்திருந்தார். ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"வந்துட்டேன், பகவதி."

"தெரியுது."

அவள் சிறுமியைப் படிக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். குடுக்கையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல் பேசினாள்.

"எனக்குப் பழகிக் கொடுக்க ஆள் இல்லை. நானாத் தட்டுத் தடுமாறிப் பழகினேன். அதனால இந்த இடுப்பளவுக்கு அங்கிட்டு எனக்குத் தைரியம் வராது. இந்தப் பயலுகளுக்கு இங்க பழகி முடிஞ்சிட்டு. ஆழத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். மழைக்கு முந்திப் பழகியாகணும்."

நயினார் பையன்களைப் பார்த்தார்.

"நீங்க அக்கரை வரைக்கும் நீந்துவீங்களே. இறங்குங்க."

குளம் வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. நடுவில் நீர்க்காக்கை ஒன்று முங்கியது. அது எழும்புகிறதா என்று நயினார் பார்த்துக்கொண்டிருந்தார். அது வெகுதூரம் தள்ளி எழும்பியது. பையன்கள் அவருடைய முகத்தையும் பகவதியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

நொண்டிக்கொண்டே வந்த வடிவம்மை அப்போதுதான் படித்துறைக்கு வந்து சேர்ந்தாள். நயினார் அவள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"அம்மை, இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் நான் நிசமாத் திரும்பியிருக்கேன், இல்லையா?"

அம்மை அவருடைய தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் கரையிலதானே நிக்கீங்க, அண்ணாச்சி."