மடைக்காரர் மகளும் ஓட்டைக் கிண்ணமும்

ராஜாக்கள் எல்லாரும் வேறு வேலை இல்லாமல் ஊருக்கு ஊர் ஏரி வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. நடுவில் பேசாமல் கேளுங்கள்.

ஆலங்கரை என்ற ஊரில் இருளப்பன் என்று ஒரு மடைக்காரர். ஏரி மடையைத் திறந்து பதினேழு வயலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுவது அவர் வேலை. தண்ணீர்த் தொட்டியில் அடியில் ஓட்டை போட்ட செப்புக் கிண்ணம் மிதக்கும். நீர் ஏறி அது மூழ்கினால் ஒரு நாழிகை. மூன்று தடவை மூழ்கினால் அடுத்த வயலின் முறை.

அவருக்கு ஒரே மகள், வேலாயி. பன்னிரண்டு வயது முடிந்ததும் ராஜாவின் அதிகாரி வந்து சபையில் கணக்குக் கேட்பார். சரியாகச் சொன்னால் அப்பாவுக்குப் பின் மடை அவளுக்கு. தவறினால் மடையும் போகும், மடையோடு சேர்ந்த வீடும் போகும். இருளப்பனுக்கோ கண் மங்கிக்கொண்டு வந்தது.

வேலாயி பள்ளிக்கூடம் விட்டதும் எருமையோடு ஏரியில் இறங்குவாள். பிறகு கிட்டிப்புள். பிறகு சோறு. பிறகு கணக்குச் சுவடியை விரித்து, அதன் மேலேயே தூங்கிவிடுவாள்.

இருளப்பன் மூன்று வழி பார்த்தார். பள்ளி விட்டதும் சுவடியோடு உட்கார வைத்தார். பசியில் அவள் சுவரில் ஓடிய பல்லிகளை எண்ணினாள். அந்தக் கணக்கு மட்டும் சரியாக இருந்தது. முதலில் வயிறாரச் சோறு போட்டுப் பார்த்தார். கை கழுவுமுன்பே கண் சொருகியது. மூன்றாவதாக, ஊர் சோசியர் மாலைப் பொழுதை நாற்பது பங்காக்கி ஓர் ஓலை எழுதிக் கொடுத்தார். இப்போது எத்தனையாவது பங்கு என்று தேடுவதிலேயே அவளுக்குப் பொழுது சாய்ந்தது.

ஊருக்கே முறை வைக்கிற மனிதருக்குத் தன் வீட்டுக்கு முறை வைக்கத் தோன்றவில்லை பாருங்கள். அது வேலாயிக்குத்தான் தோன்றியது. தொட்டியருகே வந்து உட்கார்ந்தாள். கிண்ணம் ஒரு தடவை மூழ்கும்வரை கூழும் ஓய்வும். அடுத்த இரண்டு தடவை கணக்கு. அதற்குமேல் விளக்கு வைக்கும்வரை ஆட்டம். பத்து நாள் அழகாக நடந்தது.

பதினோராம் நாள் பின்னக் கணக்கு வந்தது. வேலாயி ஓர் ஆணியை எடுத்துக் கிண்ணத்து ஓட்டையைக் கொஞ்சம் அகலமாக்கினாள். கணக்குப் பொழுது பாதியில் முடிந்தது. கூழ்ப் பொழுதும்தான் குறைந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாறு நாள் கழித்துக் கடைசி வயல்காரி கருப்பாயி வந்தாள். அவள் கையில் வெடித்த மண்கட்டி ஒன்று இருந்தது.

"அண்ணே, தண்ணி என் வயலுக்கு வந்து சேருமுன்னே மடை மாறிடுது. நாத்து பூரா சாஞ்சு கெடக்கு."

மடைக்குப் பக்கத்து வயல்களுக்குக் குறைந்தது தெரியவில்லை. தண்ணீர் நெடுந்தூரம் போகவேண்டிய வயல்தான் காய்ந்தது. வேலாயி அழுதுகொண்டே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். இருளப்பன் திட்டவில்லை. அரக்கு வைத்து ஓட்டையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். வேலாயி மூன்று நாள் தன் ஆட்டப் பொழுதில் குடத்தில் தண்ணீர் சுமந்து கருப்பாயி வயலுக்கு ஊற்றினாள். மறுபடி ஆணியைத் தொடவில்லை. பின்னக் கணக்கும், இரண்டு மாதம் தினம் இரண்டு கிண்ணம் உட்கார்ந்ததில், வழிக்கு வந்தது.

அதிகாரி வந்தார். மூன்று கேள்வி கேட்டார்.

பதினேழு வயலுக்கு மும்மூன்று கிண்ணம் என்றால் மொத்தம் எத்தனை? ஐம்பத்தொன்று என்றாள். நாளொன்றுக்கு அறுபது நாழிகை, மிச்சம் எத்தனை? ஒன்பது என்றாள். அந்த ஒன்பது யாருக்கு?

மிச்சத் தண்ணீர் ஊர்த்தலைவருக்கு என்று சொல்லிவிடுவதுதான் வழக்கம். இந்த இடத்தில்தான் எல்லாரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். ஊர்த்தலைவரும் அதற்காகவே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"கடைசி வயலுக்குங்க," என்றாள் வேலாயி. "போற வழியிலேயே பாதித் தண்ணிய மண்ணு குடிச்சிரும்."

அது எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டார்.

வேலாயி அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். சொன்னால் வீடே போகலாம் என்று இருவருக்கும் தெரியும்.

"கணக்குக்குப் பயந்து கிண்ணத்து ஓட்டையப் பெருசாக்கினேங்க. அந்த வயலக் காயப் போட்டது நான்தான்."

அதிகாரி கருப்பாயியைக் கூப்பிட்டு, இந்தப் பெண் கையில் மடையைக் கொடுக்கலாமா என்று கேட்டார். இவளிடமே கொடுங்கள், காய்ந்த வயல் எப்படியிருக்கும் என்று இவள் பார்த்திருக்கிறாள் என்றாள் கருப்பாயி. அதிகாரி மடைச்சாவியை வேலாயி கையில் வைத்தார். ஊர்த்தலைவர் எழுந்து வீட்டுக்குப் போனார்.

ஆகவே பிள்ளைகளே, பள்ளி விட்ட பொழுதைப் பசிக்கும் படிப்புக்கும் ஆட்டத்துக்கும் முறை வைத்துப் பங்கிட்டு, பிடிக்காததின் பங்கைத் திருடாமல் தினமும் கொடுத்து வருகிறவரே தேறுவார்.