ஆறு மணிச் செருப்புகள்

செவ்வாய்க்கிழமை என்றால் அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளைத்தாய்ச்சிகளின் நாள். காலை ஆறு மணிக்கே வரிசை கட்டி நிற்பார்கள். சீட்டோ பத்து மணிக்குத்தான். பெரிய டாக்டர் ஞானப்பிரகாசம், சீட்டு கைக்கு வந்த பிறகுதான் காத்திருந்த நேரத்தையே எண்ணுவார்.

அன்றைக்குச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரியம்மா வருவதாக இருந்தது. டாக்டர், கூட்டிப் பெருக்கும் குருவம்மாளைக் கூப்பிட்டார்.

"வாசல்ல ஒரு பொம்பளை நிக்கக் கூடாது. நின்னா உனக்கு இங்க வேலை இல்ல."

"சரிங்கய்யா."

அத்தனை பேரையும் கட்டடத்துக்குப் பின்னால் நிழலில் உட்காரவைத்தாள். "இடம் போயிருமேக்கா" என்று பதறியவர்களிடம், "செருப்ப விட்டுட்டு வாங்க" என்றாள்.

அதிகாரி வந்தார்.

"இங்க இருபது நிமிஷத்துக்கு மேல யாரும் காத்திருக்கிறதில்ல மேடம்" என்றார் டாக்டர்.

அதிகாரி தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து கேட் வரைக்கும் செருப்புகள், ஜோடி ஜோடியாக.

"யாரோடது இதெல்லாம்?"

"நிக்காதவங்களோடதும்மா" என்றாள் குருவம்மாள். "காலைல ஆறு மணியிலேருந்து நிக்கல."

டாக்டரின் முகம் சுண்டிப்போனது. சுவரோரம் தனியாகக் கிடந்த ஒரு ஜோடியில் மட்டும் தூசி படிந்திருந்தது. அதிகாரி அதைக் காட்டினார்.

"அது போன செவ்வாக்கிழமை ஒருத்தி விட்டதும்மா. வரிசையிலயே மயங்கி விழுந்தா. தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு. டாக்டரய்யா கணக்குல அவ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கல. சீட்டு கைக்கு வரலியே."